தண்டவாளம் போடும் மெஷின் எதன் மேல் நிற்கிறது?

நிலா அப்பா

வணக்கம். நேற்று ராத்திரி மகளோடு உட்கார்ந்து ஒரு வீடியோ பார்த்தேன். புது ரயில் பாதை போடுகிற மெஷின். மஞ்சள் நிறம், ஒரு முழு ரயில் அளவுக்கு நீளம். பின்னாலிருந்து கான்கிரீட் கட்டைகள் வரிசையாக வருகின்றன, முன்னால் ஒவ்வொன்றாகக் கீழே இறங்குகின்றன, இரண்டு பக்கமும் தரையில் கிடக்கிற தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து மேலே ஏறி, பிறகு இறங்கி வந்து கட்டையின் மேல் கச்சிதமாக உட்காருகிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவள்தான் கேட்டாள்: "அப்பா, இன்னும் தண்டவாளமே போடலையே, அப்ப இந்த ரயில் எது மேல நிக்குது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தூங்கு, காலையில் சொல்கிறேன் என்று தப்பித்துவிட்டேன். காலையும் வந்துவிட்டது.

அவள் கேள்வியோடு என் சந்தேகங்களும் சில. அவ்வளவு தடியான இரும்பு எப்படி அப்படி வளைகிறது, வளைத்தால் அது கெட்டுப்போகாதா? நாங்கள் பள்ளியில் படித்தபோது வெயிலில் இரும்பு நீளும், அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே இடைவெளி விடுவார்கள் என்று சொல்லிக்கொடுத்தார்கள், இந்த வீடியோவில் இடைவெளியே இல்லையே? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போட முடியும்? மெஷின் போன பிறகு அதே நாளில் ரயில் ஓடலாமா?

தெரிந்தவர்கள் சொன்னால் புண்ணியம். பத்து வயதுப் பெண்ணுக்குச் சொல்கிற மாதிரி சொன்னால் எனக்கும் புரியும்.

பழைய பாதைக்காரன்

தம்பி, உங்கள் மகள் கேட்டதுதான் அந்த மெஷினைப் பற்றிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி. அந்த மெஷினுக்கு முன்கால் வேறு, பின்கால் வேறு. பின்பக்கம் சாதாரண ரயில் சக்கரம், சில நிமிடங்களுக்கு முன்னால் அதுவே போட்ட பாதையின் மேல் உருண்டு வருகிறது. முன்பக்கம் புல்டோசருக்கு இருக்கிற மாதிரி சங்கிலிப் பட்டை, அது வெறும் ஜல்லியின் மேல் ஊர்ந்து போகிறது. இரண்டுக்கும் நடுவே பாலம் மாதிரி நீளமான ஓர் இரும்பு உத்திரம். அந்த உத்திரத்தின் அடியில் இருக்கிற வெற்றிடத்தில்தான் எல்லா வேலையும் நடக்கிறது. அதாவது பாதை இல்லாத இடத்தில் அது தொங்குகிறது. மகளிடம் ஒரு ஸ்கேலை இரண்டு புத்தகங்களுக்கு நடுவே வைத்துக் காட்டுங்கள், போதும்.

தண்டவாளத்தை அந்த மெஷின் சுமந்து வருவதில்லை. அது முதலிலேயே வந்து கிடக்கும். நீளத் தண்டவாளம் ஏற்றிய தனி ரயில் ஒன்று வரும், 250 மீட்டர் நீளத்துக்கு ஒரே துண்டாக இருக்கிற தண்டவாளங்களை இழுத்து, பாதை வரப்போகிற இடத்தின் இரண்டு ஓரமும் ஜல்லி மேல் நீட்டிப் போட்டுவிட்டுப் போய்விடும். மெஷின் வரும்போது உருளை வைத்த கவ்விகள் அந்தத் தண்டவாளத்தைப் பிடித்துத் தூக்கி, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளி, கட்டையில் அதற்கென்று இருக்கிற இடத்தில் இறக்குகின்றன. நீங்கள் பாம்பு என்று சொன்னது அதைத்தான்.

வளைந்தால் கெடாதா என்று கேட்டீர்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளம், 250 மீட்டர் என்றால் 15 டன். கையளவுத் துண்டைப் பார்த்தால் அது வளையும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் நீளம் கூடக் கூட அது கம்பி மாதிரிதான். மெல்ல, பெரிய வட்டமாக வளைத்தால் விட்டவுடன் பழையபடி நேராகிவிடும், ஒன்றும் ஆகாது. அந்த நீளத் தண்டவாள ரயில் வளைவில் திரும்பும்போது பார்த்திருக்கிறீர்களா? பத்துப் பதினைந்து வண்டிகளுக்கு மேல் ஒரே தண்டவாளம் கிடக்கும், ரயிலோடு சேர்ந்து அதுவும் வளையும். ஏதாவது ஓர் இடத்தில் மட்டும்தான் அதை இறுக்கிக் கட்டியிருப்பார்கள். மற்ற இடமெல்லாம் உருளை மேல் சும்மா கிடக்கும், இல்லாவிட்டால் வளைவில் திரும்பும்போது வண்டியையே இழுத்துவிடும். முதல் தடவை பார்த்தபோது நானும் உங்கள் மாதிரிதான் வாயைப் பிளந்தேன்.

கட்டைகளுக்கு வருவோம். ஒரு கான்கிரீட் ஸ்லீப்பர் 250 முதல் 350 கிலோ வரை இருக்கும். அடுக்கடுக்காகப் பின்னால் இருக்கிற வண்டிகளில் ஏற்றியிருப்பார்கள். வண்டிகளின் இரண்டு ஓரத்திலும் சின்னதாக ஒரு தண்டவாளம் ஓடும், அதன் மேல் ஒரு கேண்ட்ரி கிரேன் முன்னும் பின்னும் ஓடிக்கொண்டே இருக்கும், ஒரு தடவைக்கு இருபது முப்பது கட்டை அள்ளிக்கொண்டு வந்து முன்னால் கன்வேயரில் வைத்துவிட்டுத் திரும்பும். கன்வேயர் கட்டையைக் கீழே இறக்கும். 60 செ.மீ.க்கு ஒன்று. அந்த அளவை ஒரு சக்கரம் உருண்டு அளந்துகொண்டே வரும். கி.மீ.க்குக் கணக்குப் போட்டால் சுமார் 1,660 கட்டை. அதற்குப் பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் பேட், அதைக் கட்டையோடு இறுக்கிப் பிடிக்கிற கிளிப். கிளிப் அடிக்க இன்னொரு சின்ன மெஷின் பின்னால் வரும், ஆட்களும் கூட நடப்பார்கள்.

நாளைக்கு எவ்வளவு என்றால், எல்லாம் ஒழுங்காகக் கிடைத்தால் ஒன்றரை கி.மீ., இரண்டு கி.மீ. போடலாம். மெஷின் வேகம் அதைவிடக் கூடுதல்தான், ஆனால் கட்டை ஏற்றிய வண்டி தீர்ந்து அடுத்தது வருகிற வரை அது சும்மா நிற்கும். இந்த வேலையில் பாதி நேரம் காத்திருப்பதுதான்.

கணக்குப்பிள்ளை

நல்ல விளக்கம். ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. 1869 ஏப்ரல் 28 அன்று அமெரிக்காவில் யூட்டா பகுதியில் சென்ட்ரல் பசிபிக் ரயில் கம்பெனியின் ஆட்கள் ஒரே நாளில் 10 மைல் 56 அடி பாதை போட்டார்கள். அதாவது 16 கி.மீ.க்கு மேல். தண்டவாளத்தைக் கையால் தூக்கி வைத்தவர்கள் 8 ஐரிஷ்காரர்கள், மற்றதற்கெல்லாம் பெரிய பட்டாளமே இருந்தது, பெரும்பாலும் சீனத் தொழிலாளிகள். மெஷின் என்று ஒன்றும் கிடையாது. குதிரை வண்டியும் சம்மட்டியும்தான்.

நூற்றைம்பது வருடம் கழித்து கோடிக்கணக்கில் செலவு செய்து மெஷின் வாங்கி நாளைக்கு 2 கி.மீ. போடுகிறோம். இதில் முன்னேற்றம் எங்கே? சண்டைக்குக் கேட்கவில்லை, நிஜமாகவே புரியவில்லை.

பழைய பாதைக்காரன்

கணக்குப்பிள்ளை, நீங்கள் சொன்ன கணக்கு சரி. இந்தக் கேள்வி வரும் என்று எதிர்பார்த்தேன், வந்துவிட்டது.

அவர்கள் அன்றைக்குப் போட்ட தண்டவாளம் இன்றைய தண்டவாளத்தில் பாதி எடைதான் இருக்கும், சுமார் 9 மீட்டர் துண்டுகள், அடியில் மரக்கட்டை, அதற்கு அடியில் சமன் செய்த மண். ஜல்லி கிடையாது. அதன் மேல் இஞ்சின் மெல்ல நடந்து போனால் போதும், அவ்வளவுதான் அன்றைய தேவை. அந்த எட்டுப் பேரும் பெரிய ஆட்கள்தான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் செய்தது தண்டவாளத்தைப் பரப்புகிற வேலை.

வீடியோவில் நீங்கள் எல்லோரும் பார்ப்பதும் அந்தப் பரப்புகிற வேலையைத்தான். மஞ்சள் மெஷின் நகர்ந்து போன பிறகு பின்னால் கிடப்பது பாதை இல்லை, பாதையின் வடிவத்தில் கிடக்கிற சரக்கு. அதன் மேல் நடந்து பாருங்கள், கட்டைகள் சில ஆடும், கண்ணை வைத்துப் பார்த்தால் தண்டவாளம் மேலும் கீழுமாக அலை அலையாகத் தெரியும். நிலா அப்பா, அதே நாளில் ரயில் ஓடலாமா என்று கேட்டீர்களே, சாமான் ஏற்றிய வேலை வண்டி நடை வேகத்தில் போகலாம். பயணிகள் ரயில் கூடாது.

அதற்கப்புறம்தான் உண்மையான வேலை, அதை யாரும் வீடியோ எடுப்பதில்லை, எடுத்தாலும் யாரும் பார்ப்பதில்லை. அடியில் ஏற்கெனவே ஒரு அடுக்கு ஜல்லி இருக்கிறது, அதன் மேல் கட்டை உட்கார்ந்திருக்கிறது. இப்போது ஜல்லி வண்டி வந்து தண்டவாளத்துக்கு நடுவிலும் ஓரத்திலும் கொட்டிக்கொண்டே போகும். பின்னால் டேம்பிங் மெஷின் வரும், ஜல்லியைக் கட்டைக்கு அடியில் குத்தி இறுக்குகிற மெஷின். 1953-ல் ஆஸ்திரியாவில் ஆரம்பித்த பிளாசர் அண்ட் தாய்ரர் கம்பெனி, சுவிட்சர்லாந்தின் மட்டீசா, இவர்கள் மெஷின்கள்தான் உலகத்தில் பல இடங்களில் ஓடுகின்றன.

டேம்பிங் மெஷின் என்ன செய்கிறது என்பதைக் கிட்டத்தில் நின்று பார்க்க வேண்டும். முதலில் உருளைக் கவ்வியால் இரண்டு தண்டவாளத்தையும் தலையில் பிடித்து, கட்டைகளோடு சேர்த்து அப்படியே தூக்கும். சில செ.மீ.தான். பாதை அந்தரத்தில் நிற்கும்போது, கட்டையின் இரண்டு பக்கமும் இரும்பு விரல்கள் ஜல்லிக்குள் இறங்கும். அந்த விரல்கள் நொடிக்கு 35 தடவை அதிர்ந்துகொண்டே இருக்கும். அதிர்வு இல்லாமல் குத்தினால் கல் உடையும், இல்லாவிட்டால் விரல் தேயும், அதிர்வோடு குத்தினால் கல்லெல்லாம் கொஞ்ச நேரத்துக்குத் தண்ணீர் மாதிரி இளகி வழிவிடும். இறங்கிய பிறகு இரண்டு பக்க விரல்களும் இடுக்கி மாதிரி உள்நோக்கி நெருக்கும், கல் கட்டைக்கு அடியில் போய் அடைந்துகொள்ளும். ஒரு நொடி போல நெருக்கிவிட்டு விரல் மேலே வரும். அடுத்த கட்டை. இந்தச் சத்தத்தை ஒரு முறை கேட்டவனுக்கு ராத்திரி தூக்கத்திலும் கேட்கும்.

பழைய மெஷின் ஒவ்வொரு கட்டைக்கும் நின்று நின்று போகும், உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு இடுப்பு போய்விடும். 1980களில் புது வகை ஒன்று வந்தது. பெரிய மெஷின் நிற்காமல் ஒரே சீராக நகரும், அதன் வயிற்றுக்குள் குத்துகிற பகுதி மட்டும் தவளை மாதிரி தாவித் தாவி நிற்கும். யோசித்தவனுக்கு ஒரு கும்பிடு. இப்போது ஒரே இறக்கத்தில் மூன்று, நான்கு கட்டைகளைக் குத்துகிற மெஷினும் உண்டு.

புதுப் பாதையை ஒரே தடவையில் சரியான உயரத்துக்குத் தூக்கிவிட முடியாது. கொஞ்சம் தூக்கு, ஜல்லி கொட்டு, குத்து. மறுபடி தூக்கு, கொட்டு, குத்து. மூன்று நான்கு சுற்று ஆகும். கடைசியில் ஜல்லியை ஓரத்தில் அழகாக வாரி ஒதுக்குகிற மெஷின் ஒன்று வரும். அதற்கும் பின்னால் ஸ்டெபிலைசர். அது தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு கீழே அமுக்கியபடி பக்கவாட்டில் குலுக்கும். பல நாள் ரயில் ஓடி ஓடி ஜல்லி இறுகுவதை அது ஒரே நடையில் செய்துவிடுகிறது, முழுதாக இல்லை, ஓரளவுக்கு என்று வையுங்கள்.

ஜல்லியைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட மனமில்லை. நான் வேலை பார்த்த ஒரு புதுப் பாதையில் லாரி லாரியாக ஜல்லி வந்து இறங்கியது. ஒரு கை அள்ளிக் கீழே போட்டேன், உள்ளங்கை முழுக்க வெள்ளை மாவு. கல் தூசி. சல்லடையில் ஒழுங்காகச் சலிக்காத சரக்கு. திருப்பி அனுப்பலாம் என்றேன், தேதி நெருங்குகிறது என்றார்கள். குத்தினோம், லெவல் பிரமாதமாக வந்தது. முதல் மழையில் அந்த மாவெல்லாம் குழம்பாகி, கல்லுக்குக் கல் பிடிமானம் போய், 400 மீட்டர் தூரத்துக்குப் பாதை அங்கங்கே இறங்கிவிட்டது. மறுபடி குத்தினோம். அடுத்த மழைக்கு மறுபடி இறங்கியது. மூன்றாவது தடவை குத்திய பிறகுதான் ஜல்லியை மாற்ற ஒப்புக்கொண்டார்கள். கல் சுத்தமாக இருக்க வேண்டும், முனை கூராக உடைந்த கல்லாக இருக்க வேண்டும். ஆற்றுக்கல் மாதிரி உருண்டையாக இருந்தால் ஒன்றன் மேல் ஒன்று வழுக்கும். அதற்கு எந்த மெஷினும் மருந்து இல்லை.

சும்மா வந்தேன்

ஐயா எழுதியதைப் படித்ததும் எனக்கே இடுப்பு வலிக்கிறது.

ஒரு சின்ன சந்தேகம். இதெல்லாம் வெட்டவெளியில் புதுசாகப் போடுகிற கதை. ஓடிக்கொண்டிருக்கிற பழைய பாதையை மாற்றுவது எப்படி? பழசைப் பிடுங்கிவிட்டு, பிறகு இந்த மெஷினைக் கூப்பிடுவார்களா?

பழைய பாதைக்காரன்

அப்படியும் செய்யலாம், ஆனால் அவ்வளவு நேரம் யாரும் பாதையை மூடித் தர மாட்டார்கள். ராத்திரியில் சில மணி நேரம் கொடுப்பார்கள், அதற்குள் முடித்துவிட்டு காலை வண்டிக்குப் பாதையைத் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

அதற்கென்று இருக்கிற ரயிலின் முன்சக்கரம் பழைய பாதையில் ஓடும், பின்சக்கரம் புதுப் பாதையில் ஓடும். நடு வயிற்றில் பாதையே இருக்காது. பழைய கிளிப்பெல்லாம் முன்னாடியே கழற்றியிருப்பார்கள். வயிற்றுப் பகுதி வந்ததும் பழைய தண்டவாளத்தை இரண்டு பக்கமும் விரித்து ஒதுக்கும், பழைய கட்டையை ஒவ்வொன்றாகக் கிள்ளி எடுத்து மேலே அனுப்பும், கீழே ஜல்லியைக் கலப்பை மாதிரி ஒன்று சமன் செய்யும், உடனே புதுக் கட்டை இறங்கும், புதுத் தண்டவாளம் உள்ளே வரும். அதே கேண்ட்ரி கிரேன்தான், போகும்போது புதுக் கட்டை, வரும்போது பழைய கட்டை. வெறுங்கையோடு திரும்பாது.

ஜல்லி அழுக்காகிவிட்டால் அதற்குத் தனி மெஷின். பாதையைக் கழற்றாமலே கட்டைக்கு அடியில் ஒரு பல் சங்கிலியை விட்டு மொத்த ஜல்லியையும் தோண்டி எடுத்து, மேலே சல்லடையில் சலித்து, நல்ல கல்லைத் திருப்பிப் போட்டு, மண்ணை மட்டும் வெளியே தள்ளும். சங்கிலியை முதலில் உள்ளே விட பாதைக்கு அடியில் ஒரு குழி தோண்ட வேண்டும், அது மட்டும் நேரம் தின்னும் வேலை.

இடைவெளி விஷயத்தை நான் தொடவில்லை. இங்கே தெர்மிட் என்று ஒருவர் உண்டு, அவர் வந்து சொல்லட்டும், அது அவர் சொத்து.

தெர்மிட்

அண்ணே கூப்பிட்டால் வராமல் இருப்பேனா.

நிலா அப்பா, நீங்கள் பள்ளியில் படித்தது தப்பில்லை, பழசு. இடைவெளி விட்டு, இரண்டு தண்டவாளத்தையும் இணைக்கிற ஃபிஷ் பிளேட் என்ற இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்ட பாதையில்தான் அந்தத் தடக் தடக் சத்தம். ஒவ்வொரு இணைப்பிலும் சக்கரம் இடித்து இடித்து தண்டவாளத்தின் முனை நசுங்கும், அடியில் ஜல்லி இறங்கும், போல்ட் துளையில் விரிசல் விடும். பாதைக்காரர்களின் பாதிச் சம்பளம் அந்த இணைப்பைப் பராமரிக்கவே போனது. இப்போது பற்றவைத்து ஒரே இரும்பாக்கிவிடுகிறார்கள், கி.மீ. கணக்கில்.

பற்றவைப்பது இரண்டு விதம். ஒன்று ஃபிளாஷ் பட். இரண்டு முனையையும் கவ்வி, பெரிய மின்சாரம் விட்டு, பொறி பறக்கச் சூடாக்கி, ஒன்றோடொன்று அழுத்திவிடுவது, இரண்டு மூன்று நிமிட வேலை. 250 மீட்டர் துண்டுகளை பெரும்பாலும் பட்டறையில் இப்படித்தான் செய்வார்கள், பாதையில் வண்டியில் ஏற்றிவந்தும் செய்யலாம். இன்னொன்று என் பெயரில் இருக்கிறதே அது. அலுமினியத் தூளும் இரும்பு ஆக்சைடும் கலந்து பற்றவைத்தால் 2,000 டிகிரிக்கு மேல் போய் உருகிய இரும்பு வரும், அதை அச்சுக்குள் ஊற்றுவோம். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்ற ஜெர்மன்காரர் கண்டுபிடித்தது, 1899-ல் எஸ்ஸென் நகரத்து டிராம் பாதையில் முதலில் போட்டார்கள். மெஷினெல்லாம் வந்த பிறகும் இதை விட்டபாடில்லை, ஏனென்றால் இரண்டு பேர் தூக்கிக்கொண்டு எங்கேயும் போகலாம்.

சரி, நீளுகிற இரும்பு எங்கே போகும்? 1 கி.மீ. தண்டவாளத்தைத் தனியாகக் கிடத்தி 30 டிகிரி சூடாக்கினால் 34 செ.மீ. போல நீளும். அதைக் கட்டையோடு கிளிப் போட்டு, கட்டையை ஜல்லியில் புதைத்து, நீளவே விடாமல் பிடித்துக்கொள்கிறோம். நீள முடியாத இரும்பு உள்ளுக்குள்ளே அழுத்தத்தைச் சேர்த்துக்கொள்ளும். 60 கிலோ தண்டவாளத்தில் ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 1.9 டன். 30 டிகிரிக்கு ஒரு தண்டவாளத்தில் 57 டன், இரண்டும் சேர்த்து 114 டன் அழுத்தம், சும்மா வெயிலில் கிடக்கும்போதே. ரயில் வர வேண்டிய அவசியமே இல்லை. இவ்வளவையும் பக்கவாட்டில் பிடித்து வைத்திருப்பது கட்டையின் எடையும் அதைச் சுற்றி இருக்கிற ஜல்லியும்தான். அதனால்தான் அண்ணன் ஜல்லி ஜல்லி என்று உயிரை விடுகிறார். டேம்பிங் செய்த உடனே ஜல்லியின் பக்கவாட்டுப் பிடிமானம் பாதியாகக்கூடக் குறையும், அந்த நேரத்தில் நல்ல வெயில் அடித்தால் பாதை பக்கவாட்டில் புழு மாதிரி நெளிந்துவிடும். ஸ்டெபிலைசர் குலுக்குவதும், குத்திய பிறகு கொஞ்ச நாள் வண்டியை மெதுவாக விடுவதும் அதற்குத்தான்.

இன்னொரு தந்திரமும் உண்டு. எந்தச் சூட்டில் தண்டவாளத்தில் இழுப்பும் இல்லை, அழுத்தமும் இல்லை என்பதை நாமே முடிவு செய்யலாம். அந்தப் பகுதியின் குறைந்த சூட்டுக்கும் அதிகச் சூட்டுக்கும் நடுவில், கொஞ்சம் மேலே தள்ளி ஓர் எண்ணை வைப்பார்கள். அந்த எண்ணில் கிளிப்பைப் போட்டுவிட்டால், வெயிலில் அழுத்தமும் தாங்குகிற அளவில் இருக்கும், குளிரில் இழுப்பும் தாங்குகிற அளவில் இருக்கும். தண்டவாளத்தின் சூடு என்பது காற்றின் சூடு இல்லை. வெயிலில் கிடக்கிற இரும்பு காற்றைவிட 15, 20 டிகிரி கூடுதலாகவே இருக்கும். காந்தம் வைத்த தெர்மாமீட்டரை நிழல் படுகிற பக்கத்தில் ஒட்டிப் பார்ப்போம்.

அந்தச் சூடு வருகிற வரை காத்திருக்க முடியாவிட்டால், ஹைட்ராலிக் இழுவை போட்டு தண்டவாளத்தையே இழுத்துவிடுவோம். 500 மீட்டர், 10 டிகிரி குறைவு என்றால் 57 மி.மீ. இழுத்தால் சூடாக்கியதற்குச் சமம். கேட்கச் சுலபமாக இருக்கும். கிளிப்பெல்லாம் கழற்றி, அடியில் உருளை வைத்து, சுத்தியலால் தட்டித் தட்டி தண்டவாளம் எங்கேயும் ஒட்டிக்கொள்ளாமல் விடுவித்த பிறகுதான் இழுக்க வேண்டும்.

ஒரு தடவை நாங்கள் இப்படி இழுத்தோம். வழக்கமாக 50 மீட்டருக்கு ஒரு கோடு தண்டவாளத்தின் அடியிலும் கட்டையிலும் சேர்த்துப் போட்டு வைப்போம், இழுக்கும்போது எந்தக் கோடு எவ்வளவு நகர்கிறது என்று பார்க்க. இழுக்கிற முனையில் 57 மி.மீ. அழகாக வந்துவிட்டது. மேற்பார்வையாளர் போதும், பற்றவை என்றார். நான் பையனைத் தூரத்துக் கோடுகளைப் பார்த்து வரச் சொன்னேன். ஓடிப் போனவன் கைகாட்டுகிறான், பாதிக்கு அப்பால் ஒரு கோடும் நகரவில்லை. நடுவில் ஓர் இடத்தில் உருளை சாய்ந்து தண்டவாளம் கட்டையின் தோளில் மாட்டிக்கொண்டிருந்தது. அப்படியே பற்றவைத்திருந்தால் கிட்டப் பாதியில் 20 டிகிரிக்கான இழுப்பு, தூரப் பாதியில் ஒன்றுமே இல்லை. முதல் பாதி குளிரில் அறுந்திருக்கும், இல்லாவிட்டால் இரண்டாவது பாதி கோடையில் நெளிந்திருக்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரி பளபளவென்று கிடக்கும், அதுதான் இதில் பயம். வேலையை நிறுத்தி மறுநாள் விடிகாலையில் திரும்பச் செய்தோம். மேற்பார்வையாளர் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கணக்குப்பிள்ளை

114 டன் என்று படித்ததும் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன், சரியாக வருகிறது. 1869 விஷயத்தை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அவர்களுக்கு ஒவ்வொரு 9 மீட்டருக்கும் ஓர் இடைவெளி இருந்தது, இந்தத் தலைவலியே கிடையாது.

சிமெண்ட் சுந்தரி

எல்லோரும் ஜல்லிப் பாதையைப் பற்றியே பேசுகிறீர்கள், எங்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அதிவேக ரயில் பாதைகள் பலவற்றிலும் சுரங்கங்களிலும் ஜல்லியே கிடையாது, கான்கிரீட் படுக்கைதான். ஜெர்மனியில் ரேடா ஸ்டேஷனில் 1972-ல் போட்ட மாதிரியைத்தான் அதன் பெயரிலேயே இன்றைக்கும் சொல்கிறோம். ஜப்பானில் தயாரான பலகைகளைக் கொண்டுவந்து கீழே சிமெண்டும் தாரும் கலந்த கலவையை ஊற்றி உட்கார வைத்தார்கள்.

ரேடா முறையில் வேலை தலைகீழாக நடக்கும், மேலிருந்து கீழே. முதலில் கட்டையையும் தண்டவாளத்தையும் திருகு வைத்த தாங்கிகளில் அந்தரத்தில் நிறுத்துவோம். சர்வே கருவியை வைத்து ஓரிரு மி.மீ.க்குள் வரும்வரை ஒவ்வொரு திருகையும் கால் சுற்று, அரைச் சுற்று என்று திருப்பிக்கொண்டே இருப்போம். எல்லாம் சரி என்று கையெழுத்தான பிறகு அடியில் கான்கிரீட். அங்கே பெரிய மஞ்சள் மெஷின் எல்லாம் கதாநாயகன் இல்லை, மூன்று காலில் நிற்கிற சின்ன சர்வே கருவியும் அதன் பின்னால் கண்ணைச் சுருக்கி நிற்கிற ஆளும்தான். கான்கிரீட் ஊற்றுகிற நேரத்தில் யாராவது தெரியாமல் ஒரு தாங்கியில் கால் வைத்துவிட்டால் போச்சு.

பாதைக்காரர் ஐயா சொன்ன டேம்பிங் வேலையே இதில் கிடையாது, அது பெரிய நிம்மதி. ஆனால் ஜல்லிப் பாதையில் தப்பு நடந்தால் மறுபடி குத்தித் திருத்தலாம். எங்களுக்கு அந்த வசதி இல்லை, கிளிப்புக்கு அடியில் தகடு வைத்துச் சில மி.மீ. ஏற்றி இறக்கலாம், அதோடு சரி. தரையே இறங்கினால் உடைத்து எடுக்க வேண்டியதுதான். எனக்குக் கேட்டால், மண் நம்பகமில்லாத இடத்தில் ஜல்லிதான் என்பேன், இதை எங்கள் ஆபீஸில் சொன்னால் வேலை போய்விடும்.

நிலா அப்பா

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. ஸ்கேலை வைத்துக் காட்டினேன், உடனே புரிந்துகொண்டாள். டேம்பிங் மெஷின் செய்வதைக் காட்ட ஒரு டப்பாவில் கூழாங்கல் நிரப்பி பென்சிலைக் குத்தினாள், இறங்கவில்லை, பென்சிலை ஆட்டிக்கொண்டே குத்தினாள், இறங்கிவிட்டது. ஐயா, 35 தடவை என்று சொன்னதை அவளே பள்ளியில் போய்ச் சொல்லப் போகிறாளாம்.

இன்னொரு கேள்வி கொடுத்திருக்கிறாள். முன்னால் ஏற்கெனவே ஒரு பாதை இருக்கிறது, இந்த மெஷின் போட்டுக்கொண்டே போய் அதை முட்டுகிறது. அப்போது முன்கால் என்ன செய்யும்?

பழைய பாதைக்காரன்

இந்தப் பெண்ணை எங்கள் கேங்கில் சேர்த்துவிடுங்கள்.

அந்த இடம் வந்ததும் முன்னால் இருக்கிற சங்கிலிப் பட்டையை மேலே தூக்கிக்கொள்ளும், அதற்குப் பதிலாக முன்பக்கத்துக்கும் ரயில் சக்கரம் வைத்த சட்டம் ஒன்று வந்துவிடும், பழைய பாதையின் மேல் உட்காரும். அப்போதிலிருந்து அது சாதாரண ரயில், இஞ்சின் இழுத்துக்கொண்டு போய்விடும். புதுத் தண்டவாளமும் பழைய தண்டவாளமும் நடுவில் சரியாகச் சந்திக்காது, எப்போதும் கொஞ்சம் கூடவோ குறையவோ இருக்கும். அதை அளந்து அறுத்து, தெர்மிட் தம்பி மாதிரி இரண்டு பேர் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள்.